மடை அளவு மாறும்போது: இதயமும் சிறு ஆர்.என்.ஏ.க்களும்

வாசகர் கேள்விகள் – மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் இதயச் செயலிழப்பைப் பற்றி எழுதியபோது ‘மைக்ரோ ஆர்.என்.ஏ.’ (ஒரு புரதம் எவ்வளவு தயாராகிறது என்பதைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறு) என்னும் சொல்லை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடலூர், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து வாசகர்கள் எழுப்பிய கேள்விகள் பொருட்படுத்தத்தக்கவை என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 68 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்தவர்களுக்கு என்றும், அதை ஒரு புழுவில்தான் முதலில் கண்டார்கள் என்றும் படித்தேன். புழுவுக்கும் என் இதயத்துக்கும் என்ன தொடர்பு?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மஞ்சக்குப்பம்

பதில்: ஐயா, புழுவிலிருந்தே தொடங்குகிறேன். மண்ணில் வாழும் அந்த உருளைப்புழு 1 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். உடல் ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் அதன் உயிரணுக்கள் (செல்கள்) ஒவ்வொன்றும் எப்படி வளர்கின்றன என்பதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். உறுப்புகள் உரிய வேளையில் உருவாகும் ஒழுங்கு சில புழுக்களில் குலைந்துபோவது ஏன் என்று அமெரிக்க அறிவியலாளர்களான விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்குனும் ஆராய்ந்தபோது, லின்-4 என்னும் மரபணு லின்-14 என்னும் மற்றொரு மரபணுவை அடக்கிவைக்கிறது என்பது தெரியவந்தது. வியப்பு என்னவென்றால், லின்-4 எந்தப் புரதத்தையும் உண்டாக்கவில்லை. அதிலிருந்து வெளிவந்தது 22 எழுத்து (ஆர்.என்.ஏ. இழையின் அடிப்படைக் கண்ணிகளை எழுத்து என்கிறோம்) நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. துணுக்கு மட்டுமே. 1993-இல் இருவரும் இதை வெளியிட்டபோது, புழுவுக்கே உரிய விநோதம் என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். 2000-இல் லெட்-7 என்னும் இன்னொரு துணுக்கை ரவ்குன் குழுவினர் கண்டறிந்து, அது மனிதன் வரை விலங்குலகம் நெடுகிலும் ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. மனித மரபுத்தொகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதாக இப்போது அறிகிறோம்.

இவை செய்யும் வேலை என்ன? மரபணுவில் உள்ள குறிப்பு முதலில் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, அந்தப் படி உட்கருவை விட்டு வெளியே வந்து புரதம் தயாரிக்கப் பயன்படுகிறது. வீராணம் ஏரியின் மதகுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏரியில் எவ்வளவு நீர் நின்றாலும், வயலுக்கு வந்து சேரும் நீரின் அளவு, மதகுப் பலகை எவ்வளவு இறக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்தப் பலகையைப் போல, தூது ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து கிடைக்கும் புரதத்தின் அளவைக் குறைக்கிறது. பெரும்பாலும் அது வாய்க்காலை அடியோடு அடைப்பதில்லை; சற்று இறக்கிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்களின் மீது இப்படிக் கைவைக்க முடியும் என்பதால், ஒவ்வொன்றிலும் ஏற்படும் சிறு மாற்றம் சேர்ந்து பெரிய விளைவாகிறது. நம் புரத மரபணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஏதேனும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன.

உங்கள் இதயத்தின் கதைக்கு இதுவே வாசல். மாரடைப்பு வந்த இதயத்தில், வாழ்நாள் முழுவதும் ஒரே சீராகப் பராமரிக்கப்பட்டு வந்த இந்த அளவுகள் மாறிவிடுகின்றன. சில பலகைகள் கூடுதலாக இறங்குகின்றன, சில உயர்ந்துவிடுகின்றன. தழும்பு எவ்வளவு பரவும், மிஞ்சிய தசை எவ்வளவு தடிக்கும், துடிப்பின் மின்னோட்டம் சீராக ஓடுமா என்பவற்றில் அந்த மாற்றத்துக்குப் பங்கு உண்டு. புழுவின் வளர்ச்சியை ஆளும் அதே முறைதான் இங்கும் வேலை செய்கிறது.

கேள்வி: இதயத்தில் எந்தெந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் முக்கியமானவை? பாடநூலில் இரண்டு வரிதான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்வீர்களா?
– செவிலியர் பட்டப்படிப்பு மாணவி, கோரிமேடு

பதில்: விரிவாகவே சொல்கிறேன். ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. உருவாகும் வழியை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகும். உட்கருவில் நீண்ட இழையாகப் படியெடுக்கப்படும் அது, தன்மேல் தானே மடிந்து கொண்டை ஊசி வடிவம் கொள்கிறது. ட்ரோஷா என்னும் நொதி அந்த மடிப்பை இழையிலிருந்து வெட்டி எடுக்கிறது. உட்கருவை விட்டு வெளியே வந்த துண்டை டைசர் என்னும் இன்னொரு நொதி மேலும் நறுக்கி, ஏறக்குறைய 22 எழுத்து நீளத்துக்குக் கொண்டுவருகிறது. பிறகு ஆர்கோநாட் என்னும் புரதம் அதைத் தாங்கிக்கொண்டு தனக்குரிய தூது ஆர்.என்.ஏ.வைத் தேடிச் செல்கிறது. 22 எழுத்துகளும் பொருந்த வேண்டியதில்லை. 2-ஆம் எழுத்திலிருந்து 8-ஆம் எழுத்து வரையிலான ‘விதைப் பகுதி’ பொருந்தினாலே பெரும்பாலும் போதும். ஒன்று பலவற்றைக் கட்டுப்படுத்துவது இந்தத் தளர்ச்சியால்தான். மருந்து செய்ய நினைப்பவர்களுக்கு இதே தளர்ச்சிதான் பெரிய தலைவலியும்.

தசைக்கே உரியவை மிர்-1, மிர்-133 ஆகிய இரண்டும் (‘மிர்’ என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சுருக்கம்). மனிதனிலும் எலியிலும் மிர்-1-ஐ உண்டாக்கும் மரபணுக்கள் இரண்டு உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் நீக்கிய எலிகளில் ஏறக்குறைய பாதி, இதயக் கீழறைகளுக்கு இடையிலான சுவரில் ஓட்டை முதலிய குறைகளால் இளமையிலேயே இறந்ததும், பிழைத்தவற்றில் சில மின்னோட்டக் கோளாற்றுக்கு ஆளானதும் 2007-இல் வெளியான ஆய்வில் பதிவாகியுள்ளன. இன்னொரு பிரதி அப்படியே இருந்தும் இந்தக் கதி. அளவு என்பது இதயத்துக்கு எவ்வளவு கண்டிப்பான விஷயம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியவில்லை. மறுபுறம், மிர்-1 அளவுக்கு மீறினாலும் கேடுதான்: அணுவுக்கு அணு மின்னோட்டத்தைக் கடத்தும் கனெக்சின்-43 என்னும் புரதத்தையும், அணுவுக்குள் பொட்டாசியம் சென்றுவரும் ஒரு வாயிலையும் அது குறைத்துவிடுவதால், இதயத் துடிப்பு தாறுமாறாகிறது.

அடுத்தது மிர்-208ஏ. இது தனக்கென்று தனி மரபணு இல்லாமல், இதயத் தசையின் சுருக்கத்துக்குக் காரணமான மயோசின் புரதத்தின் மரபணுவுக்குள்ளேயே, புரதக் குறிப்பு இல்லாத இடைப்பகுதியில் ஒளிந்திருக்கிறது. தசைப் புரதத்தைத் தயாரிக்கும்போதே அதைக் கண்காணிக்கும் ஆளும் உடன் பிறக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாத எலிகளின் இதயம், அழுத்தம் கூடும்போது வழக்கம்போலத் தடிக்கவுமில்லை, நாரிழைகளால் இறுகவுமில்லை என்பதும் 2007-இல்தான் தெரிந்தது. ஒன்றை மட்டும் இங்கே மறக்கக் கூடாது. வளர்ந்த எலியின் கீழறையில் மேலோங்கியிருப்பது ஆல்ஃபா மயோசின். நம் கீழறையிலோ பீட்டா மயோசின். எலியில் கண்டதை அப்படியே நமக்குப் பொருத்துவதில் தயக்கம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் வார்டில் பார்க்கப்போகும் நோயாளிகளுக்கு மிகவும் நெருக்கமானது தழும்பின் கதை. ‘பம்பிங் 35 சதவீதம்தான்’ என்று எக்கோ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்களே, அவர்களில் பலரின் இதயத்தில் தசை இருக்க வேண்டிய இடத்தில் கொலாஜன் நார் படிந்திருக்கும். கொலாஜன் தயாரிப்பைச் சாதாரண நாளில் அடக்கிவைப்பது மிர்-29 குடும்பம். மாரடைப்பு தாக்கிய இடத்தை ஒட்டிய பகுதியில் அதன் அளவு விழுகிறது. பலகை உயர்கிறது, கொலாஜன் பாய்கிறது. மிர்-21 இதற்கு நேர்மாறானது. நோயுற்ற இதயத்தின் நார்த்திசு அணுக்களில் அது ஏறுகிறது. 2008-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், எலிகளில் மிர்-21-ஐ அடக்கினால் நாரிழை படிவது குறைகிறது என்று காட்டினார்கள். 2010-இல் வேறொரு குழுவினர், பிறவியிலேயே மிர்-21 இல்லாத எலிகளின் இதயமும் அழுத்தத்தில் வழக்கம்போலவே தடித்தது, நார் படிந்தது என்று காட்டினார்கள். இரண்டும் நேர்மையான ஆய்வுகள்தாம். பிறப்பிலிருந்தே ஒன்று இல்லாதபோது உடல் வேறு ஏற்பாடு செய்துகொண்டிருக்கலாம்; கொடுத்த மருந்து வேறு எதையோ தொட்டிருக்கவும் கூடும். பாடநூலில் இரண்டு வரிதான் இருக்கிறது என்று வருந்துகிறீர்கள். இப்படி முடிவுக்கு வராத வழக்குகள் இருக்கும்போது பாடநூல் சுருக்கமாக இருப்பதை நான் குறையாக நினைக்கவில்லை.

மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை வந்திருப்பது மிர்-132. சிரமப்படும் இதயத்தில் இது கூடி, தசையணுக்களைத் தடிக்கவைப்பதோடு, அணு தன் பழுதான பாகங்களைத் தானே அகற்றும் வேலைக்கும் தடையாகிறது. இதை எதிர்த்துப் பிணைந்து செயலிழக்கச் செய்யும் ஊசி மருந்து ஒன்று, முதலில் 28 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, அவர்கள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்று தெரிந்த பின், மாரடைப்புக்கு ஆளானவர்களிடம் அடுத்த கட்டச் சோதனைக்குச் சென்றது. ஆனால் இதய நோய்க்கென்று எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்தும் இன்னும் அங்கீகாரம் பெறவில்லை. புற்றுநோய்க்காகச் சோதிக்கப்பட்ட மிர்-34 மருந்து, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டதை இந்தத் துறையினர் மறக்கவில்லை. நூறு வாய்க்கால்களின் பலகையை ஒரே கயிற்றில் கட்டி இழுப்பது போன்ற சிகிச்சை இது. எந்த வயல் மூழ்கும், எது காயும் என்பதை முன்கூட்டிச் சொல்வது கடினம்.

ரத்த நாளங்களின் உட்சுவரைக் காக்கும் மிர்-126, கொழுப்பை அணுக்களிலிருந்து வெளியேற்றும் புரதத்தைக் குறைக்கும் மிர்-33 ஆகியவற்றைப் பெயரளவில் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அது போதும்.

கேள்வி: கொரோனா தடுப்பூசியில் இருந்த எம்.ஆர்.என்.ஏ.வும் இதுவும் ஒன்றா?
– லாஸ்பேட்டை வாசகர்

பதில்: இல்லை. அது ஒரு புரதத்தைத் தயாரிப்பதற்கான குறிப்பைத் தாங்கிய நீண்ட தூது ஆர்.என்.ஏ.; நாம் இங்கே பேசுவது எந்தப் புரதக் குறிப்பும் இல்லாத, அளவை மட்டும் குறைக்கும் சிறு துணுக்கு. நம் நாட்டில் பெரும்பாலானோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளே அல்ல.

கேள்வி: என் கணவருக்கு 52 வயது, ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பார்த்து மாரடைப்பு வருமா என்று முன்பே சொல்லிவிடலாம் என்று ஒரு பரிசோதனை நிலையத்தின் விளம்பரம் வந்தது. கட்டணம் மிக அதிகம். நகையை வைத்தாவது பார்த்துவிடலாமா என்று யோசிக்கிறோம்.
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம், அம்மா. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

விளம்பரத்தின் அடியில் ஓர் உண்மை இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆர்.என்.ஏ. எளிதில் சிதைந்துபோகும் பொருள். ஆனாலும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ரத்தத்தில் புரதங்களோடும் நுண்குமிழிகளோடும் சேர்ந்து சிதையாமல் சுற்றிவருகின்றன என்று 2008-ஐ ஒட்டிக் கண்டறியப்பட்டது. இதயத் தசை சாகும்போது மிர்-208ஏ, மிர்-499 போன்றவை ரத்தத்தில் கசிகின்றன என்பதும் உண்மை. இதனால் அவற்றை மாரடைப்பின் அடையாளமாகக் கொள்ளலாமே என்று பல நாடுகளில் பல குழுக்கள் முயன்றன. ஆனால் நெஞ்சுவலியோடு வருபவருக்கு, இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் ட்ரோப்போனின் என்னும் புரதத்தை அளக்கும் பரிசோதனை ஏற்கெனவே இருக்கிறது. அது குறைந்த செலவில், ஒரு மணி நேரத்துக்குள் விடை தருகிறது. அதைத் தள்ளிவைத்துவிட்டு இதை நம்பலாம் என்ற அளவுக்கு எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் தேறவில்லை. இன்னும் வராத மாரடைப்பை முன்கூட்டிச் சொல்வது அதைவிடக் கடினமான வேலை.

தேறாததற்குக் காரணம் உண்டு. ரத்தம் எடுக்கும்போது ஊசியின் வேகத்தில் சிவப்பணுக்கள் சில உடைந்தாலே, அவற்றுக்குள் நிறைந்திருக்கும் மிர்-451 வெளியே கொட்டி அளவுகளைக் கலைத்துவிடும். ஆஞ்சியோவின்போது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கப்படும் ஹெப்பாரின், பரிசோதனைக் குழாயில் நடக்கும் வினையையே தடுக்கும். தட்டணுக்களிலிருந்து வரும் மிர்-126, மிர்-223 ஆகியவை ஆஸ்பிரின் போன்ற மருந்துகளால் குறைகின்றன. ஆகவே மருந்து சாப்பிடுபவரின் அளவையும் சாப்பிடாதவரின் அளவையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஓர் ஆய்வகத்தில் வந்த எண் இன்னோர் ஆய்வகத்தில் வருவதில்லை. எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்று சொல்ல, உலகம் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடும் இல்லை. இந்த நிலையில், கடன் வாங்கும் நிலைக்குக் குடும்பங்களைத் தள்ளி இதை விற்பது எனக்கு வேதனையளிக்கிறது.

உங்கள் கணவருக்குத் தேவையானவை வேறு: ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ.1சி., கெட்ட கொழுப்பான எல்.டி.எல்., சிறுநீரில் அல்புமின், ஒரு ஈ.சி.ஜி. இவற்றில் பெரும்பாலானவற்றை அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். சர்க்கரை நோயுள்ள 52 வயதுக்காரர், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டியவர். இதுவரை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை என்றால், அடுத்த முறை மருத்துவரிடம் அதைக் கேளுங்கள். புகைபிடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால், இந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டியது அதை நிறுத்துவதுதான்.

நெஞ்சில் பாரம், இடதுகையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை என்று ஏதேனும் வந்தால் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலாக மட்டும் வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். 2023-இல் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ், தமிழகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் தவணையைக் கொடுத்து, மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

கேள்வி: நான் நெல் விவசாயி. அரிசியில் இருக்கும் ஆர்.என்.ஏ. ரத்தத்தில் கலந்து கொழுப்பைக் கூட்டுகிறது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். மூன்று வேளையும் சோறு சாப்பிடும் எங்கள் வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருக்கிறார்கள். உண்மையா?
– பாகூர் வாசகர்

பதில்: இந்தச் செய்திக்கு ஒரு வேர் இருப்பதால், ‘புரளி’ என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடாமல் அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன். சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அரிசியில் உள்ள மிர்-168ஏ என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ. சோறு உண்பவர்களின் ரத்தத்தில் காணப்படுகிறது என்றும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.லைக் கல்லீரல் உள்வாங்குவதற்குத் துணைசெய்யும் ஒரு புரதத்தை அது எலிகளில் குறைக்கிறது என்றும் 2012-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு தாவரத்தின் மரபுத் துணுக்கு, சமையலையும் சீரணத்தையும் தாண்டி, உண்பவனின் கல்லீரலில் போய் ஆணையிடுகிறது என்றால் அது சாதாரணச் செய்தியா? உலகெங்கும் பேசப்பட்டது.

அறிவியலில் ஒரு முடிவு நிற்க வேண்டுமென்றால், வேறொருவர் அதே சோதனையைச் செய்தாலும் அதே விடை வர வேண்டும். 2013-இல் வேறு ஆய்வாளர்கள் எலிகளுக்கு அரிசியைக் கொடுத்துப் பார்த்தபோது, அந்தத் துணுக்கு ரத்தத்திலோ கல்லீரலிலோ பொருட்படுத்தும் அளவில் கிடைக்கவில்லை. அரிசியை மட்டுமே தின்ற எலிகளில் எல்.டி.எல். கூடியது உண்மைதான், ஆனால் அதற்குச் சத்துக்குறைவான, சமச்சீரற்ற தீனியே போதிய காரணம் என்றும், ஆர்.என்.ஏ.வைக் குற்றம் சொல்ல இடமில்லை என்றும் அவர்கள் காட்டினார்கள். குரங்குகளிலும் எலிகளிலும் செய்யப்பட்ட வேறு சோதனைகளும், உணவிலிருந்து வரும் மைக்ரோ ஆர்.என்.ஏ. உடலில் வேலைசெய்யும் அளவுக்குச் சேர்வதில்லை என்ற பக்கமே நின்றன. நாம் உண்ணும் கீரை, பருப்பு, மீன், முட்டை எல்லாவற்றிலும் ஆர்.என்.ஏ. இருக்கிறது, வயிறும் குடலும் அதைச் சிதைத்துச் செரித்துவிடுகின்றன.

எனவே ஆர்.என்.ஏ.வுக்குப் பயந்து சோற்றை விட வேண்டாம். அதே நேரம், அந்த எலித் தீனியின் கதையில் நமக்கு ஒரு சேதி இருக்கிறது என்றே நினைக்கிறேன். மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசியைத் தட்டு நிறையப் போட்டு, ஒரு கரண்டிக் குழம்போடு சாப்பிடும் பழக்கம் டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பையும் சர்க்கரையையும் ஏற்றும். சோற்றைக் குறைத்து, சுண்டலையும் கீரையையும், பிடித்தவர்கள் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். விளைவிப்பவர் நீங்களே என்பதால், வீட்டுக்கென்று எடுத்துவைக்கும் நெல்லை அதிகம் தீட்டாமல் அரைத்து வாங்குவது உங்களுக்கு எளிது.

கேள்வி: எனக்கு பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஆர்.என்.ஏ. ஊசி ஒன்று கொழுப்பைப் பாதியாகக் குறைக்கிறதாம். அதைப் போட்டுக்கொண்டால் தினசரி மாத்திரையை நிறுத்திவிடலாமா? மரபணுவையே மாற்றிவிடும் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள்.
– முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: மேலே எழுதியவற்றில் பலவும் ‘இன்னும் இல்லை’ என்றே முடிந்தன. இங்கே மட்டும் ‘வந்துவிட்டது’ என்று எழுத முடிவதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

அந்த மருந்தின் பெயர் இன்கிளிசிரன். இது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் நெருங்கிய உறவான குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. வகையைச் சேர்ந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. அரைகுறையாகப் பொருந்திப் பலவற்றைச் சற்றே குறைக்கும், குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.வோ முழுவதும் பொருந்தி, ஒரே ஒரு தூது ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கும். நூறு பலகைகளைக் கட்டிய கயிறு என்று முன்பு சொன்னேனே, அந்தச் சிக்கல் இதில் மிகவும் குறைவு. இந்த வழிமுறையை 1998-இல் வெளியிட்ட ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 2006-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் ஆராய்ந்ததும் முதல் கேள்வியில் பார்த்த அதே புழுவைத்தான்.

இன்கிளிசிரன் வெட்டுவது பி.சி.எஸ்.கே.9 என்னும் புரதத்தின் தூது ஆர்.என்.ஏ.வை. கல்லீரல் அணுக்களின் மேற்பரப்பில் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு; பி.சி.எஸ்.கே.9 அந்த ஏற்பிகளை அழிவுக்கு அனுப்புகிறது. இந்தப் புரதம் மிகையாக வேலை செய்யும் பிரெஞ்சுக் குடும்பங்களில் இளமையிலேயே கொழுப்பு எகிறியிருப்பதை 2003-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2006-இல் அமெரிக்காவில் இதன் மறுபக்கம் தெரிந்தது: பி.சி.எஸ்.கே.9 மரபணு பிறவியிலேயே பழுதுபட்ட கறுப்பின மக்களின் எல்.டி.எல். 28 சதவீதம் குறைவாகவும், அவர்களுக்கு இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவாகவும் இருந்தது. மரபணு பழுதாகியும் அவர்களுக்குத் தீங்கில்லை, நன்மைதான் என்பதைக் கண்ட பிறகே, அந்தப் புரதத்தை மருந்தால் குறைக்கும் துணிவு பிறந்தது.

ஊசியில் உள்ள ஆர்.என்.ஏ.வோடு ஒருவகைச் சர்க்கரை மூலக்கூறு பிணைக்கப்பட்டிருக்கிறது. கல்லீரல் அணுக்கள் அந்தச் சர்க்கரையை அடையாளம் கண்டு உள்வாங்கிக்கொள்வதால், மருந்து பெரும்பாலும் வேறெங்கும் அலையாமல் உரிய இடத்துக்குப் போய்ச் சேருகிறது. தோலுக்கடியில் 284 மில்லிகிராம். முதல் நாள் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒன்று. 2020-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம், பெரும்பாலும் ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்தபோது, எல்.டி.எல். ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஊசி போட்ட இடத்தில் வலியோ சிவப்போ சிலருக்கு வந்தது. ஐரோப்பாவில் 2020 டிசம்பரிலும் அமெரிக்காவில் 2021 டிசம்பரிலும் அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் இப்போது கிடைக்கிறது.

மரபணு மாறிவிடுமா என்ற அச்சத்துக்கு இடமில்லை. டி.என்.ஏ. உட்கருவுக்குள் இருக்கிறது, இந்த மருந்து உட்கருவுக்கு வெளியே, படியெடுத்து வந்த தூது ஆர்.என்.ஏ.வை மட்டும் வெட்டுகிறது. மூலப் பத்திரம் பதிவு அலுவலகத்திலேயே பத்திரமாக இருக்க, கைக்கு வந்த நகலைக் கிழிப்பது போன்றது இது. ஊசியை நிறுத்தினால் கொழுப்பு மெல்ல மெல்லப் பழைய அளவுக்கே திரும்பிவிடும் என்பதே, மரபணுவில் எதுவும் மாறவில்லை என்பதற்குச் சான்று. உங்கள் பிள்ளைகளுக்கும் இது போகாது.

மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி: நிறுத்தாதீர்கள். ஸ்டாட்டின் மாரடைப்பையும் மரணத்தையும் குறைக்கிறது என்பதற்குப் பல பத்தாண்டுச் சான்று இருக்கிறது. இன்கிளிசிரன் கொழுப்பைக் குறைக்கிறது என்பது உறுதி. அதனால் மாரடைப்பும் மரணமும் எந்த அளவுக்குக் குறைகின்றன என்பதை அளப்பதற்கென்றே மிகப் பெரிய ஆய்வுகள் தொடங்கப்பட்டன. பைபாஸ் ஆனவருக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழ் இருக்க வேண்டும். அதிக அளவு ஸ்டாட்டினும், அதோடு விலை குறைந்த எசெட்டிமைப் மாத்திரையும் சேர்ந்தும் அந்த இலக்கு எட்டவில்லை என்றாலோ, ஸ்டாட்டின் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை என்றாலோதான் ஊசியைப் பற்றிப் பேச வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமலே ‘எனக்குக் குறையவில்லை’ என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊசியின் விலை மாத்திரையைப் போலப் பல மடங்கு என்பதால், அதை முதலில் உங்களுக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அப்பா 46 வயதில், கடலுக்குப் போய்த் திரும்பிய அன்று மாரடைப்பில் இறந்துவிட்டார். அண்ணனுக்கு 34, எனக்கு 29. இந்தக் கோளாறான ஆர்.என்.ஏ. எங்களுக்கும் வந்திருக்குமா?
– தேவனாம்பட்டினம் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு பெரும்பாலும் நோயின் போக்கில் மாறுவது. தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் சொத்துபோல வந்து சேருவது என்று கொள்ள வேண்டாம். குடும்பத்தில் வருபவை வேறு. அவற்றில் மூன்றை நீங்கள் இருவரும் மனத்தில் வைக்க வேண்டும்.

முதலாவது, பிறவியிலேயே எல்.டி.எல். கூடியிருக்கும் நிலை. உலகில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. சாதாரணக் கொழுப்புப் பரிசோதனையில் எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். இரண்டாவது, எல்.டி.எல்.லைப் போல ரத்தத்தில் சுற்றும் லிப்போபுரோட்டீன்-ஏ என்னும் கொழுப்புத் துகள். அது பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுவதால், வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். அதைக் குறைக்கும் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. ஊசிகள் ஆய்வில் இருக்கின்றன. அவை வரும்வரை, அது கூடியிருப்பவர்கள் எல்.டி.எல்.லையும் ரத்த அழுத்தத்தையும் மற்றவர்களைவிடக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைக்க வேண்டும். மூன்றாவது, இதயத் தசையின் பிறவிக் கோளாறு. எம்.ஒய்.பி.பி.சி.3 என்னும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் தென்னாசிய மக்களில் 100-க்கு 4 பேரிடம் இருக்கிறது என்றும், இதயச் செயலிழப்போடு அதற்குத் தொடர்பு உண்டு என்றும் 2009-இல் இந்திய அறிவியலாளர்கள் இடம்பெற்ற குழு கண்டறிந்தது. அது இருப்பவர்களில் பெரும்பாலானோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். ஆனாலும் திடீர் மரணம் நடந்த குடும்பத்தில், தசை தடித்திருக்கிறதா என்று எக்கோ எடுத்துப் பார்ப்பது அவசியம்.

55 வயதுக்குள் தந்தை மாரடைப்பில் இறந்திருந்தால் பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அண்ணனையும் அழைத்துக்கொண்டு போங்கள். அப்பாவின் மருத்துவக் காகிதம் எதுவாக இருந்தாலும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்புப் பட்டியல், ஈ.சி.ஜி., எக்கோ ஆகியவற்றை முதலில் பாருங்கள், லிப்போபுரோட்டீன்-ஏ. தேவையா என்பதை அங்குள்ள மருத்துவர் சொல்வார். அம்மாவின் ரத்த அழுத்தத்தையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். அண்ணனுக்குக் குழந்தைகள் இருந்து, அண்ணனின் எல்.டி.எல். 190-க்கு மேல் வந்தால், அந்தக் குழந்தைகளுக்கும் கொழுப்புப் பரிசோதனை செய்ய வேண்டும். முடிவுகள் வந்தபின் எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள்; அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.